கலப்புச் செடியைக் காட்டுச் செடி என்று விற்ற கடை

வெள்ளவத்தையிலிருந்து ஆட்டோ பிடித்துப் போய் பத்தரமுல்லைப் பக்கம் ஒரு நர்சரியில் ரொடொடென்ட்ரன் என்ற மலைப் பூச்செடிக் கன்று வாங்கினேன். "ஹோர்ட்டன் சமவெளிக் காட்டுச் சாதி மிஸ், சுத்தமானது" என்றார் கடைக்காரத் தம்பி. மொட்டு விரிந்தபோது பார்த்தால் வெளிர் ரோஸ், உள்ளே ஊதாப் புள்ளிகள். நம் இலங்கை மலையில் பூப்பது இரத்தச் சிவப்பு. போதாததற்கு இலங்கைக் காட்டில் ரொடொடென்ட்ரன் பேரினத்தில், அதாவது அந்த நெருங்கிய இனங்களின் கூட்டத்தில், இருப்பதே ஒரே ஒரு இனம், அது யாரோடு கலக்கும்? ஆக இது காட்டுச் செடி இல்லை, எங்கோ இரண்டு இனங்களைச் சேர்த்து உண்டாக்கிய கலப்பு.

கலப்பு என்றாலே மட்டம் என்று சொல்ல வரவில்லை. மலைச் செடிகளுக்கு அது பழைய வழக்கம். இத்தாலியின் சிசிலித் தீவில் எட்னா எரிமலையில் செனெசியோ என்ற பூச்செடிப் பேரினத்தின் இனம் ஒன்று உச்சிப் பக்கம், இன்னொன்று அடிவாரத்தில், நடுச்சரிவு முழுக்க இரண்டுக்கும் பிறந்த கலப்புகள். அந்தக் கலப்பை 1700 வாக்கில் இங்கிலாந்துக்குக் கொண்டு போக, ஒக்ஸ்ஃபோர்ட் தாவரவியல் தோட்டத்திலிருந்து தப்பி, ரயில் பாதைச் சரளைக்கல்லோடு ஊர் ஊராகப் பரவி, தாய் தந்தை இரண்டையும் விட்டு விலகிய தனி இனமாகவே ஆகிவிட்டது. துருக்கி மலைகளிலும் இரண்டு ரொடொடென்ட்ரன் இனங்கள் சந்திக்கும் உயரத்தில் முதல் தலைமுறைக் கலப்புகளே புதர் புதராக நிற்கின்றன.

சரி, கடைக்கு வருவோம். கன்று நல்ல வேரோடு இருந்தது, சாடி மண்ணும் பொலபொலவென்று தரமாகவே இருந்தது. ஆனால் கொழும்பு வெக்கைக்கு இது தாங்காது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை, இலை ஓரம் இப்போதே கருகுகிறது. கேட்டால் "தண்ணி ஊத்துங்க மிஸ்." ஐந்துக்கு இரண்டு, அதுவும் மண்ணுக்காக.