சர்வே படிவமா, நேர்காணலா?

சமூகவியல் மாணவர்களுக்கு ஆய்வு முறையை எதில் தொடங்கிச் சொல்லித் தருவது?

சர்வே படிவம் ஆசிரியருக்கு நிம்மதி. எக்செல், சதவீதம், அட்டவணை. மதிப்பெண் போடுவதும் சுலபம். மொத்தப் பேரில் சிலரை மட்டும் தேர்ந்தெடுத்துக் கேட்கும் மாதிரி எடுப்பு முறையும் (சாம்பிளிங்) இதில்தான் கைக்குப் படியும்.

ஆனால் திருப்பூர் பனியன் கம்பெனித் தொழிலாளியிடம் 'மாத வருமானம் எவ்வளவு?' என்று கேட்டுப் பாருங்கள். அவர் கணக்கு ஷிப்டில் ஓடுகிறது, சம்பளம் சனிக்கிழமை வருகிறது. ஒன்றரை ஷிப்ட் பார்த்த வாரமும் ஆர்டர் இல்லாத வாரமும் ஒன்றா? தைக்கும் உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் பீஸ் ரேட் டெய்லர் என்றால் இன்னும் சிக்கல். மாணவர் ஏதோ ஒரு எண்ணை எழுதிக்கொண்டு வருவார். அட்டவணையில் அது அழகாகத்தான் இருக்கும்.

நேர்காணலில் அந்தக் குழப்பமே தகவல். 'ஏனுங்க, போன வாரம் வேலை எப்படிங்க?' என்று டீக்கடையில் ஆரம்பித்தால் முன்பணம், ஓவர்டைம் எல்லாம் பேச்சில் வரும். மானிடவியலாளர் பிரெண்டா பெக் 1960களில் காங்கேயம் பக்கத்து ஓலப்பாளையத்தில் தங்கித்தான் கொங்குச் சாதி அமைப்பை ஆராய்ந்தார். ஒரு செமஸ்டரில் அது நடக்காது, சரி. பேச்சை எழுத்தாக்கவே பாதி நேரம் போய்விடும். 'தம்பி எந்த ஊருங்க, யாரு வீட்டுப் பையன்?' என்ற கேள்வி வந்த பிறகு பதில்களின் தொனியும் மாறும். அதையும் குறிப்பில் எழுதச் சொல்ல வேண்டும்.

என் ஓட்டு நேர்காணலுக்கு. முதலில் நாலு பேரிடம் பேசட்டும். படிவத்தை அப்புறம் அவர்களே தயாரிக்கட்டும்.