காலியா, ஆர்னிஸா, எஸ்க்ரிமாவா? சட்டையில் எதை எழுதுவது?

துபாய் கராமாவில் வெள்ளிக்கிழமை காலைகளில் எங்களுக்கு ஃபிலிப்பைன்ஸின் பிரம்புச் சண்டைக் கலையைச் சொல்லிக்கொடுத்த மனோங், போன வருடம் வேலையை முடித்துக்கொண்டு அந்த நாட்டிலுள்ள தன் செபுத் தீவுக்கே திரும்பிவிட்டார். மனோங் என்றால் அவர்கள் ஊரில் அண்ணன். அவர் போன பிறகும் நாங்கள் ஏழு பேர் விடாமல் கூடுகிறோம். கார் நிறுத்துமிடத்தில் இனி ஆட முடியாது என்றானதும் ஒரு கூடத்தை வாடகைக்குக் கேட்டோம். 'எந்தக் கலை?' என்று படிவத்தில் ஒரு கட்டம். அதே வாரம் சட்டை அடிக்கவும் கொடுக்க வேண்டியிருந்தது. அந்தக் கட்டத்தை நிரப்ப எங்களுக்கு மூன்று வாரம் பிடித்தது.

ஃபிலிப்பைன்ஸின் இந்தக் கலைக்கு மூன்று பெயர்கள் புழங்குகின்றன: ஆர்னிஸ், எஸ்க்ரிமா, காலி. கையில் எழுபது சென்டிமீட்டர் சுமாருக்குப் பிரம்பு, சில நேரம் இரண்டு, சில நேரம் ஒன்றும் ஒரு கத்தியும். வீச்சுக் கோணங்கள், கால்வைப்பு, பிரம்பைப் பிடுங்கும் முறை எல்லாவற்றிலும் பள்ளிக்குப் பள்ளி வேறுபாடு உண்டு, ஆனால் பெயருக்கும் அந்த வேறுபாட்டுக்கும் பெரிய சம்பந்தமில்லை. உலகப் போட்டி நடத்தும் கூட்டமைப்பே மூன்று பெயர்களையும் வரிசையாகத் தன் பெயரில் வைத்துக்கொண்டிருக்கிறது. அதன் முதல் உலகப் போட்டி 1989-இல் செபுவில் நடந்தது.

நான் எஸ்க்ரிமா பக்கம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், படிக்கிறவர்கள் அதற்கேற்பக் கழித்துக்கொள்ளலாம்.

ஆர்னிஸைப் பற்றிச் சுருக்கமாக. சட்டப்படி அதுதான் பெயர். 2009 டிசம்பர் 11-இல் அதிபர் குளோரியா மகபகால் அரோயோ கையெழுத்திட்ட குடியரசுச் சட்டம் 9850, ஆர்னிஸைத் தேசியத் தற்காப்புக் கலையாகவும் தேசிய விளையாட்டாகவும் அறிவித்தது. எஸ்க்ரிமா, காலி, காரோத்தே என்றும் இதைச் சொல்வார்கள் என்று அதே சட்டம் பட்டியலிடுகிறது. சொல் ஸ்பானியத்திலிருந்து வந்தது. அங்கே 'ஆர்னெஸ்' என்றால் கவசம், குதிரைச் சேணம். கிறிஸ்தவர்-முஸ்லிம் சண்டையைக் காட்டும் மோரோ-மோரோ நாடகங்களில் நடிகர்கள் மாட்டிக்கொண்ட அலங்காரக் கவசத்திலிருந்து ஆட்டத்துக்கே அந்தப் பெயர் ஒட்டியது என்று பலரும் விளக்குகிறார்கள். நம்பக்கூடிய விளக்கம்தான்.

ஆர்னிஸுக்கு இன்னொரு பெருமையும் உண்டு. நெக்ரோஸ் தீவில் பிறந்த ரெமி பிரேசாஸ் இதை 'நவீன ஆர்னிஸ்' என்று மாற்றி அமைக்கும் வரை, பயிற்சியிலேயே எதிராளியின் கையை அடிப்பதுதான் வழக்கம். விரல் வீங்கி, எலும்பு விரிந்து, மாணவர்கள் நின்றுவிடுவார்கள். கைக்குப் பதில் எதிராளியின் பிரம்பை அடிக்க வைத்தார் அவர். அந்த ஒரு மாற்றத்தால்தான் இது பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்தது என்றுகூடச் சொல்லலாம். போட்டிக்குப் போகிறவர்கள், பிள்ளைகளைச் சேர்க்கிறவர்கள் ஆர்னிஸ் என்றே எழுதட்டும், குறையே இல்லை. 2019 தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டியில் ஆர்னிஸுக்கு இருந்த இருபது தங்கத்தில் பதினான்கை ஃபிலிப்பைன்ஸ் அள்ளியது.

இழுபறி காலி என்ற பெயரில்தான்.

எங்கள் குழுவில் திருநெல்வேலித் தம்பி ஒருவன். பெயரைக் கேட்ட நாளிலிருந்தே அவனுக்கு ஒரே பிடிவாதம். "அண்ணே, காளி நம்ம சாமி. சோழன் கப்பல்ல போனப்போ கூடவே போயிருக்கு. இதை விட்டுட்டு வெள்ளக்காரன் வச்ச பேரை ஏன் சட்டையில போடணும்?" அவன் பேச்சில் இருந்த ஆசை எனக்கும் உண்டு. செபுவை ஆண்ட வம்சத்தின் முதல்வன் ஸ்ரீ லுமாய், சோழ வழிவந்த இளவரசன் என்றொரு கதை அந்த ஊரிலேயே சொல்லப்படுவதாகப் படித்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஆனால் அது 20-ஆம் நூற்றாண்டில் எழுத்துக்கு வந்த மரபுக் கதை. அதை நிலைநிறுத்தும் கல்வெட்டோ செப்பேடோ இதுவரை கிடைக்கவில்லை.

இந்தியத் தொடர்பே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஃபிலிப்பைன்ஸின் லகுனாவில் கிடைத்த செப்பேடு சக ஆண்டு 822, அதாவது கி.பி. 900-ஐச் சேர்ந்தது. அதன் பழைய மலாய் மொழிக்குள் வடமொழிச் சொற்கள் நிறைந்திருக்கின்றன. அந்நாட்டு மொழியான தகாலோகில் மாம்பழத்துக்கு 'மங்கா' என்று பெயர், நம் மாங்காய் மலாய் வழியாகப் போய்ச் சேர்ந்தது. ஆசிரியரை 'குரோ' என்கிறார்கள், அது குருவேதான். இந்தச் சொற்களுக்கெல்லாம் வந்த வழி தெரிகிறது, இடையில் மலாய் நிற்கிறது. காலிக்கு அப்படி ஒரு வழித்தடத்தை யாரும் காட்டியதில்லை. ஆங்கில எழுத்தில் காலி, காளி, கலி மூன்றும் ஒரே மாதிரி தெரிகின்றன. அந்த எழுத்தொற்றுமையை எடுத்துவிட்டால் தம்பியின் வாதத்தில் மிச்சம் எதுவும் நிற்காது.

அவர்கள் ஊரிலேயே காலிக்குச் சொல்லும் விளக்கங்கள் இதைவிட வலுவானவை. கை என்பதற்கான 'காமொத்', அசைவு என்பதற்கான 'லிஹோக்' இரண்டின் முதலெழுத்துகளும் சேர்ந்தது என்பது ஒன்று. 'காலிஸ்' என்ற வாளின் பெயர் தேய்ந்தது என்பது இன்னொன்று. பாங்கசினான் பகுதியில் காலிரோங்கான், இபனாகு மக்களிடம் பாக்காலிகாலி என்ற சொற்கள் உண்டு, அவற்றின் வேர்தான் காலி என்பது மூன்றாவது. இதில் காலிஸ் விளக்கத்துக்குக் கொஞ்சம் எடை கொடுக்கலாம். ஸ்பெயினுக்காகக் கப்பலோட்டிய மகெல்லனோடு 1521-இல் வந்த அந்தோனியோ பிகாஃபெட்டா எழுதிவைத்த செபுச் சொற்பட்டியலிலேயே குத்துவாளுக்கு அந்தச் சொல் வருகிறது. ஆனால் அது ஆயுதத்தின் பெயர். கலையின் பெயராக 'காலி' அச்சில் வருவது பிளாசிடோ யம்பாவோ 1957-இல் வெளியிட்ட ஆர்னிஸ் நூலில்தான் என்று செபு ஆய்வாளர்கள் நெபாங்கேயும் மகாச்சோரும் காட்டுகிறார்கள். அந்த நூலும் தன் தலைப்பில் ஆர்னிஸ் என்றுதான் போட்டுக்கொண்டது. பிறகு காலி என்ற பெயர் ஹவாயில் ஃப்ளோரோ வில்லாப்ரியே, கலிஃபோர்னியாவில் டேன் இனோசாந்தோ ஆகிய ஆசான்கள் வழியாக அமெரிக்கா முழுக்கப் பரவி, அங்கிருந்து உலகம் சுற்றியது. அதே கலிஃபோர்னியாவின் ஸ்டாக்டனில் ஏஞ்சல் கபாலெஸ் 1966-இல் எல்லோருக்குமாகத் திறந்த பள்ளியின் பெயர் எஸ்க்ரிமாதான்.

பழைய பெயர் காலிதான், ஸ்பானியர் தடைசெய்ததால் மறைந்துபோனது என்பார்கள். இந்த வாதம் எனக்குச் செரிக்கவில்லை. தெற்கே மிண்டனாவோ, சூலு பக்கமிருந்து வந்த கொள்ளைப் படகுகளை எதிர்க்க, செபு உள்ளிட்ட நடுத்தீவுகளின் மக்களான விசாயர்களின் கை ஸ்பானியருக்குத் தேவைப்பட்டது. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போல்ஹோன் ஊர்ப் பாதிரியார் ஹூலியான் பெர்மேஹோ தெற்குச் செபுக் கரை நெடுகக் காவல் கோபுரங்களைக் கட்டி, ஊர்க்காரர்களைக் கொண்டே காவல் காத்தார். ஆயுதம் பிடிக்கத் தெரிந்தவர்களை வைத்துக் கரையைக் காத்த ஆட்சி, அந்த வித்தையின் பெயரை மட்டும் ஒரு சொல் மிச்சமில்லாமல் துடைத்துவிட்டது என்று நம்புவது கடினம்.

இதற்கெல்லாம் மேலாக என்னை ஒரு பக்கம் சாய்த்தது காதில் விழுந்த சொற்கள். நான்கு வருடம் மனோங் எங்களிடம் என்ன சொல்லிக் கத்தினார் என்று ஒரு நாள் உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன். விசிறி மாதிரி மணிக்கட்டைத் திருப்பி அடித்தால் 'அபானிகோ', ஸ்பானியத்தில் விசிறி. பிரம்பின் அடிக்குமிழால் குத்தினால் 'புன்யோ', ஸ்பானியத்தில் முஷ்டி. வாளும் கத்தியும் சேர்ந்தால் 'எஸ்பாதா இ தாகா', முழுக்க ஸ்பானியம். சுழற்றி வந்தால் 'ரெதோந்தா'. எதிராளியின் அடுத்த மூன்று அசைவை முன்கூட்டியே கணக்குப் போட்டுச் சிக்க வைப்பது 'குவெந்தாதா', அதுவும் கணக்கு என்ற ஸ்பானியச் சொல்லிலிருந்து வந்ததே.

இன்னொரு வரிசையும் இருந்தது. பிரம்புக்கு 'ஓலிசி', கத்திக்கு 'பாராவ்', இரண்டும் செபு மொழி. இரண்டு பிரம்புகளைப் பின்னி வீசுவதற்கு 'சினவாலி', மூங்கில் பாய்ச்சுவரின் பின்னலிலிருந்து வந்த பெயர். நகரு என்பதற்கு 'லிஹோக்'. இவற்றில் எனக்கு முக்கியமாகப் பட்டது 'ஆகாக்'. குழந்தையைக் கைபிடித்து நடத்திக் கூட்டிப்போவது என்று பொருள். மனோங் பயின்ற பாலிந்தாவாக் பிரிவில் பாடமே இப்படித்தான். ஆசான் எதிரே நின்று வீசிக்கொண்டே இருப்பார், நீ தடுக்கத் தடுக்க உன்னை அவர் விரும்பிய இடத்துக்கு இழுத்துக்கொண்டு போவார்.

முதல் ஆகாக் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. பிரம்போடு பிரம்பு மோதி மோதி, நார் தீய்ந்த வாடை எழுந்து மூக்கில் ஏறியது. நுனி பிரிந்து துடைப்பம்போல் ஆகிவிட்டிருந்தது, மின்வேலைக் கறுப்பு நாடாவைச் சுற்றி அதோடே தொடர்ந்தோம். அவருடைய இடது கை என் மணிக்கட்டின் மேல் எடையே இல்லாமல் கிடந்தது. நான் எப்போது தவறப் போகிறேன் என்று அந்தக் கைக்கு எனக்கு முன்பே தெரிந்தது.

இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். வீச்சின் வடிவத்துக்கும் கணக்குக்கும் பெரும்பாலும் ஸ்பானியம். கையில் பிடிக்கும் பொருளுக்கும், அசைவுக்கும், ஒருவர் இன்னொருவருக்குச் சொல்லிக்கொடுக்கும் முறைக்கும் உள்ளூர்ச் சொல். நான்கு வருடத்தில் 'காலி' என்று அவர் வாயிலிருந்து ஒரு முறைகூட வரவில்லை. பள்ளிகளின் பெயரும் இதே கலவைதான். 1932-இல் செபுவில் தொடங்கிய தோஸே பாரெஸ், பெயரளவில் முழு ஸ்பானியம். வெனான்சியோ பகோன் 1952-இல் பிரிந்து போய்த் தொடங்கிய பாலிந்தாவாக், தெருவின் பெயர். அந்தத் தெருவில் ஒரு கடிகாரம் பழுதுபார்க்கும் கடையின் பின்கட்டில்தான் பயிற்சி நடந்தது.

ஸ்பானியப் பெயரை ஏற்றால் கலையையும் ஸ்பானியனுக்குத் தாரை வார்த்துவிட்டதாகாதா என்பது தம்பியின் அடுத்த கேள்வி. நியாயமான கேள்வி. நம் வீட்டையே பார்த்தால் பதில் கிடைக்கும். ஜன்னல், சாவி, அலமாரி மூன்றும் போர்த்துகீசியச் சொற்கள். அவர்கள் கப்பல் வருவதற்கு முன் நம் வீடுகளில் சாளரமும் திறவுகோலும் இல்லையா? சொல் வந்த வழி வேறு, பொருள் வந்த வழி வேறு. 1521 ஏப்ரல் 27-இல் செபுவை அடுத்த மக்தான் தீவின் கரையில் இறங்கிய மகெல்லனின் 49 பேரை எதிர்த்து அத்தீவின் தலைவன் லாபுலாபுவின் ஆட்கள் நின்றபோது அவர்களுக்கு வாள் பிடிக்க எந்த ஸ்பானியனும் சொல்லித்தந்திருக்கவில்லை. மகெல்லனின் காலில் விழுந்த வெட்டு பெரிய வாளால் விழுந்தது என்று பிகாஃபெட்டாவே எழுதுகிறார். அதே சமயம், அந்தக் கரையில் மூங்கில் ஈட்டி, அம்பு, கல் பற்றியெல்லாம் அவர் எழுதுகிறாரே தவிர, நாம் இன்று ஆடும் பிரம்பாட்டத்தை அதில் தேடினால் கிடைக்காது. முந்நூற்றுச் சொச்சம் ஆண்டுகள் இரண்டு வாள்மரபுகள் ஒரே ஊரில் உரசியதில் பிறந்ததுதான் இப்போது நம் கையில் இருப்பது. எஸ்க்ரிமா, ஸ்பானியத்தில் வாள்வீச்சுக்கான சொல் விசாயர் நாக்கில் உருமாறியது. அந்த உரசலின் தழும்பு சொல்லிலேயே தெரிகிறது, அதனால்தான் எனக்கு அது பிடிக்கிறது.

என் அனுபவம் ஒரே ஆசானிடம், அதுவும் செபுக்காரரிடம் என்பதையும் சொல்ல வேண்டும். நெக்ரோஸைச் சேர்ந்த பெகிதி திர்சியா தன்னைக் காலி என்றே அழைத்துக்கொள்கிறது, ஃபிலிப்பைன்ஸ் கடற்படைக் காலாட்களுக்கும் அது கற்பிக்கப்பட்டிருக்கிறது. அவர்களிடம் பயின்ற ஒருவர் தன் ஆசான் சொன்ன பெயரைச் சட்டையில் போட்டால் அதைத் தவறு என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. நான் மறுப்பது ஒன்றைத்தான்: காலிதான் ஆதிப்பெயர், மற்ற இரண்டும் அடிமைப்பெயர் என்று சொல்லி வகுப்பு விற்பது. இங்கே ஒரு பயிற்சிக்கூடத்தில் என்னிடமே அப்படிச் சொல்லி மூன்று மாதக் கட்டணம் வாங்கினார்கள். 'சோழர் கலை' என்று துண்டறிக்கையில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். உள்ளே போனால் அங்கேயும் அபானிகோ, ரெதோந்தா என்றுதான் கத்தினார்கள்.

கடைசியில் கூடத்துப் படிவத்தில் ஆர்னிஸ் என்று எழுதினோம், அலுவலகத்தில் இருந்த ஃபிலிப்பினோ அம்மாவுக்கு உடனே புரிந்தது. சட்டையின் முதுகில் எஸ்க்ரிமா. தம்பிக்கு இன்னும் மனசு ஆறவில்லை. இடது கைப்பக்கம் சின்னதாக 'ஓலிசி' என்று போடலாமா என்று கேட்டான், அதற்கு ஏழு பேரும் சரி என்றோம்.