கோடெக்2 ரிவ்யூ: எந்த மோடு எதுக்கு செட் ஆகும்

டிஜிட்டல் வாய்ஸ்ல இறங்குற ஹாம் (அமெச்சூர் ரேடியோக்காரர்) யாரா இருந்தாலும் சீக்கிரமே போய் நிக்கிற இடம் குரலை சுருக்கி பிட்டா மாத்துற ஆம்பி வோகோடர் தான். டி-ஸ்டார், டிஎம்ஆர், ஃபியூஷன்ங்கற டிஜிட்டல் ரேடியோ முறை மூணுக்குள்ளயும் டிவிஎஸ்ஐ கம்பெனியோட இது தான் இருக்கு, ஆன்டெனால இருந்து ஆம்ப்ளிஃபயர் வரைக்கும் நாமளே கட்டலாம், ஆனா குரலை பிட்டா மாத்துற இடத்துல மட்டும் கை வைக்க முடியாது, சிப்போ டாங்கிளோ காசு குடுத்து வாங்கணும். நாமளே செஞ்சு பாக்கறதுக்குன்னு இருக்கிற ஹாபில இது எனக்கு பிடிக்கவே இல்ல.

ஆஸ்திரேலியால டேவிட் ரோவ் எழுதின கோடெக்2 இதே வேலையை செய்யுது, அந்த பூட்டை உடைச்சது. எல்ஜிபிஎல்ங்கற ஓபன் சோர்ஸ் லைசென்ஸ், முழு சி கோடும் படிக்கலாம், மாத்தலாம்.

இதுல பல மோடு இருக்கு, பேர்ல இருக்கற நம்பர் செகண்டுக்கு எத்தனை பிட்ங்கறது. 3200 மோடு அருமை. 20 மில்லிசெகண்டுக்கு 64 பிட் தான், ஒரு நிமிஷ பேச்சு 24,000 பைட்ல முடிஞ்சுடுது, ஆனாலும் பேசறது யாருன்னு குரலை வச்சே சொல்லிடலாம். எம்17ங்கற ஓபன் சோர்ஸ் டிஜிட்டல் ரேடியோ முறைக்காரங்க இதை எடுத்தது சரியான முடிவு. 700சி வேற கதை, 40 மில்லிசெகண்டுக்கு வெறும் 28 பிட், வார்த்தை புரியும் ஆனா ஆள் மாறிடுவார், மூக்கடைச்ச மாதிரி ஒரு ரோபோ குரல், கால்சைனை (ஹாமோட அடையாள எழுத்தை) பி, டி, ஈன்னு எழுத்தா சொன்னா குழம்பிடும், பிராவோ டெல்டான்னு தான் சொல்லணும். இன்னொன்னு, கோடெக்2 பேச்சோட பிட்ச்சை கண்டுபிடிச்சு அதோட ஹார்மோனிக்ஸை வச்சு குரலை திரும்ப கட்டுற கோடெக், அதனால பின்னாடி ஃபேன் ஓடினாலோ ரெண்டு பேர் சேர்ந்து பேசினாலோ சொதப்பிடும். மைக்கை வாய்க்கிட்ட வச்சு அமைதியான ரூம்ல பேசுங்க, பாதி குறை அங்கயே சரியாகும்.

அப்போ 700சி எதுக்குன்னா எச்எஃப்க்கு, அதாவது ஷார்ட்வேவ்க்கு. ஃப்ரீடிவிங்கற சாஃப்ட்வேரோட 700டி மோடு இதே கோடெக்கோட எல்டிபிசிங்கற பிழை திருத்துற முறையை சேர்த்து சுமார் 1 கிலோஹெர்ட்ஸுக்குள்ள அடக்கிடுது, வழக்கமான அனலாக் முறையான எஸ்எஸ்பி எடுத்துக்கிற இடத்துல பாதி கூட இல்ல, சிக்னல் இரைச்சலுக்கு கீழ போனாலும் பேச்சு வந்துட்டே இருக்கும். குரல் அழகு வேணாம், காண்டாக்ட் முடிஞ்சா போதும்னா இது தான்.

குரலும் நல்லா வேணும்னா ரேடியோ ஆட்டோஎன்கோடர், அதாவது ரேட். இதுவும் ரோவ் வேலை தான், நியூரல் நெட்வொர்க்கே குரலை நேரா சிக்னலா மாத்துது, முதல் தடவ கேட்டப்போ எஃப்எம்ல பேசற மாதிரி சுத்தமா இருந்துச்சு, எச்எஃப்ல வருதுன்னு நம்பவே கஷ்டமா இருந்துச்சு. இது கோடெக்2 இல்ல, தனி வழி, ஆனா இதுவும் ஓபன் சோர்ஸ். பழைய லேப்டாப் கொஞ்சம் திணறும், எதிர்ல இருக்கறவரும் இதே மோடு போட்டிருக்கணும்.

புதுசா வர்றவங்க ரிக் (ரேடியோ செட்) எதுவும் வாங்கறதுக்கு முன்னாடி கோடெக்2வோட சி2என்க் (என்கோட் பண்ண), சி2டெக் (டிகோட் பண்ண) ரெண்டு புரோகிராமையும் இறக்கி உங்க குரலை 8 கிலோஹெர்ட்ஸ் மோனோல ரெக்கார்ட் பண்ணி 3200லயும் 700சிலயும் ஓட்டி கேளுங்க, எது ஒத்துவரும்னு உங்க காதே சொல்லிடும்.