வீட்டு நாஸில் எஸ்எஸ்டி: கடைச் சரக்கா, டேட்டா சென்டர் பழசா, ஹார்ட் டிஸ்க்கே போதுமா?

கடையில் வாங்கும் சாதாரண எஸ்எஸ்டியை நாஸில் (வீட்டு நெட்வொர்க்கில் எல்லோரும் கோப்புகளை வைத்தெடுக்கும் சேமிப்புப் பெட்டி) போட்டால் சீக்கிரம் தேய்ந்துபோகும் என்று பலருக்குப் பயம். கணக்குப் போட்டுப் பார்த்தால் அந்தப் பயம் நிற்காது. சாம்சங் 870 ஈவோ 1 டிபிக்கு உத்தரவாதம் 5 ஆண்டு அல்லது 600 டிபி எழுதும் வரை. தினம் 50 ஜிபி எழுதினாலும் அந்த 600-ஐத் தொட 12,000 நாள் ஆகும். கிட்டத்தட்ட 33 ஆண்டு. படமும் வீடியோவும் சேர்த்து வைக்கும் வீட்டில் தினம் 50 ஜிபி என்பதே அதிகம். காலை வாருவது தேய்மானம் அல்ல. கேஷ் தீர்ந்த பிறகு வரும் வேகமும், கரண்ட் போகும் அந்த நொடியும்தான்.

முதலில் கேஷ், அதாவது எழுத வருவதை வேகமாக வாங்கி வைக்கும் தற்காலிக இடம். 870 ஈவோ டிஎல்சி வகை (ஒரு செல்லில் மூன்று பிட்). 870 கியூவிஓ கியூஎல்சி (நான்கு பிட்). 1 டிபி மாடலில் இரண்டுக்கும் அதிகபட்சம் 42 ஜிபி வேகக் கேஷ். அது நிரம்பிய பிறகும் ஈவோ நொடிக்கு 500 எம்பிக்கு மேல் எழுதும். கியூவிஓ 80 எம்பிக்கு விழுந்துவிடும். ஒரு கிகாபிட் லைனில் வரும் 110 எம்பிக்கே அது ஈடுகொடுக்காது. நல்ல நாஸ் ஹார்ட் டிஸ்க் அதைத் தாண்டி ஓடும். மிரரில் (ஒரே தரவை இரண்டு டிஸ்க்கில் வைக்கும் முறை) ஒரு டிஸ்க் போய், 900 ஜிபியைப் புதியதில் திரும்ப நிரப்பும்போது ஈவோவுக்கு அரை மணி நேரம் என்றால் கியூவிஓவுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல். விலை வித்தியாசம் பெரிதாக இல்லாதபோது கியூஎல்சியை வாங்கக் காரணமே இல்லை. எழுதுவது அபூர்வம், படிப்பதே வேலை என்றால் மட்டும் யோசிக்கலாம்.

அடுத்தது கரண்ட். இங்கேதான் கடை எஸ்எஸ்டிக்கும் டேட்டா சென்டர் எஸ்எஸ்டிக்கும் உண்மையான வித்தியாசம். எழுதச் சொன்னதை எஸ்எஸ்டி முதலில் தன் டிராமில் (கரண்ட் போனால் அழியும் நினைவகம்) வாங்கிக்கொள்ளும். டேட்டாபேஸ், விர்ச்சுவல் மெஷின் (கணினிக்குள் ஓடும் இன்னொரு கணினி), என்எஃப்எஸ் (நெட்வொர்க் வழிக் கோப்புப் பகிர்வு) போன்றவை அத்தோடு விடாது. நிஜமாகவே பதிந்ததா என்று கேட்டுக் காத்திருக்கும். இதுதான் சிங்க் ரைட். கடை எஸ்எஸ்டி எல்லாவற்றையும் ஃபிளாஷில் இறக்கி முடித்தால்தான் பதில் சொல்ல முடியும். டேட்டா சென்டர் மாடலின் போர்டில் கெப்பாசிட்டர் வரிசை உண்டு. கரண்ட் போனாலும் டிராமில் இருப்பதை இறக்கி வைக்க அந்தச் சேமிப்பு போதும் என்பதால், உடனே பதிந்தது என்று சொல்லிவிடும். நொடிக்குச் சில நூறு சிங்க் ரைட்டுகளில் திணறும் கடை எஸ்எஸ்டிக்குப் பக்கத்தில் அது பல ஆயிரங்களில் ஓடும்.

யூபிஎஸ் வைத்தால் இந்தக் குறை தீரும் என்பது தவறு. யூபிஎஸ் தரவைக் காக்கும். ஆனால் யூபிஎஸ் இருப்பது எஸ்எஸ்டிக்குத் தெரியாது, அது காத்திருக்கத்தான் செய்யும். இசட்எஃப்எஸ்ஸில் (பல நாஸ்களில் ஓடும் ஃபைல் சிஸ்டம்) சிங்கை அணைத்தால் வேகம் வரும். கரண்ட் போனால் கடைசிச் சில நொடிகள் எழுதியது போகும். பூல் (டிஸ்க்குகளைச் சேர்த்த மொத்தச் சேமிப்பு) கெடாது, உள்ளே ஓடிய டேட்டாபேஸ் கெடலாம்.

அப்படியானால் பழைய டேட்டா சென்டர் எஸ்எஸ்டி வாங்கலாமா? விர்ச்சுவல் மெஷின் ஓட்டுகிறவர்களுக்குத் தாராளமாக. இன்டெல் டிசி எஸ்3700, தினம் தன் கொள்ளளவைப் போல 10 மடங்கு என 5 ஆண்டு எழுதத் தயாரானது. பாதி தேய்ந்த நிலையில் வந்தாலும் வீட்டுக்கு மிச்சம். ஆனால் வாங்கும் முன் ஸ்மார்ட் அறிக்கையை (தேய்மானம், பிழைகள் பற்றி டிஸ்க்கே வைத்திருக்கும் கணக்கு) கேட்டு வாங்குங்கள். எஸ்ஏஎஸ் (சர்வர்களுக்கான இணைப்பு வகை) டிஸ்க், வீட்டு மதர்போர்டின் சாட்டா போர்ட்டில் செருகவே செருகாது. பெரிய ஸ்டோரேஜ் பெட்டிகளிலிருந்து கழற்றியவற்றில் செக்டர் (டிஸ்க் எழுதிப் படிக்கும் சிறு துண்டு) 520 பைட்டாக இருக்கலாம். 512க்கு மறுபடி ஃபார்மேட் செய்யாமல் லினக்ஸில் பயன்படுத்த முடியாது. உத்தரவாதமும் இருக்காது.

சினிமா, பேக்கப், சிசிடிவி பதிவு: இவற்றுக்கு ஹார்ட் டிஸ்க்கே போதும். கிகாபிட் லைனை ஒரு டிஸ்க்கே நிரப்பிவிடும். ஆயிரக்கணக்கான சின்னப் படக் கோப்புகளைத் தேடும்போதுதான் அது தடுமாறும். அதற்காக மெட்டாடேட்டாவை (கோப்பின் பெயர், இடம் போன்ற விவரம்) மட்டும் எஸ்எஸ்டியில் வைக்கும் இசட்எஃப்எஸ்ஸின் ஸ்பெஷல் விடெவ் போடுகிறீர்களா? கண்டிப்பாக இரண்டு எஸ்எஸ்டி மிரரில் போடுங்கள். அது போனால் மொத்தப் பூலும் போய்விடும். சிங்க் ரைட்டுகளை முதலில் பதிந்து வைக்கும் தனி இடமான ஸ்லாக் வேறு கதை: கிகாபிட்டுக்கு 2 ஜிபி கூட நிரம்பாது, 16 ஜிபி பார்ட்டிஷன் தாராளம். ஆனால் அதில் கெப்பாசிட்டர் இல்லாத கடை எஸ்எஸ்டியைப் போடுவது வீண் வேலை.

மிரருக்கு ஒரே மாடல், ஒரே நாள் வாங்கிய ஜோடி வேண்டாம். 2019 நவம்பரில் சர்வர் நிறுவனமான எச்பிஇ தன் சில எஸ்ஏஎஸ் எஸ்எஸ்டிகள் சரியாக 32,768 மணி நேரம் ஓடியதும் செத்துவிடும் என்று அறிவித்து அதைச் சரிசெய்யும் ஃபர்ம்வேர் (டிஸ்க்கின் உள் மென்பொருள்) வெளியிட்டது. ஒன்றாக ஓடத் தொடங்கியவை ஒன்றாகவே போகும். விலை உயர்ந்த சரக்கிலேயே இது நடந்தது. ஒன்று சாம்சங், ஒன்று குருஷியல் என்று கலந்து போடுங்கள்.

டிரிம்மையும் (அழித்த கோப்புகளின் இடம் காலி என்று எஸ்எஸ்டிக்குச் சொல்லும் கட்டளை) மறக்க வேண்டாம். இசட்எஃப்எஸ்ஸில் ஆட்டோடிரிம் தானாக ஆனில் இருக்காது. பழைய எல்எஸ்ஐ எச்பிஏ கார்டு (கூடுதல் டிஸ்க்குகளை இணைக்கும் அட்டை) வழியாகப் பல கடை எஸ்எஸ்டிகளுக்கு டிரிம் போய்ச் சேராது, மதர்போர்டு சாட்டாவில் செருகுவதே நல்லது. சாம்சங்கில் எவ்வளவு எழுதினோம் என்று பார்க்க ஸ்மார்ட்டின் 241ஆம் வரி. அதை 512ஆல் பெருக்கினால் பைட் கணக்கு.

பேக்கப் எடுத்துக் கரண்ட் இல்லாமல் அலமாரியில் வைப்பதென்றால் கடைச் சரக்குக்கே சாதகம். ஆயுள் முழுதும் தேய்ந்த நிலையில், ஜெடெக் (மெமரி தரங்களை வகுக்கும் அமைப்பு) விதிப்படி கடை எஸ்எஸ்டி 30 டிகிரியில் ஓராண்டு தரவைப் பிடித்து வைக்க வேண்டும். டேட்டா சென்டர் வகைக்கு 40 டிகிரியில் 3 மாதம்தான்.