எக்செலா, வெண்பலகையா, ஒன்டொலொஜியா?

திருகோணமலையில் இருந்துகொண்டு உப்புவெளி விடுதிகளுக்கு முன்பதிவு மென்பொருள் எழுதுகிறோம். நாங்கள் மூன்றே பேர். விருந்தினரின் கடவுச்சீட்டுப் படம்கூட அதில் சேர்கிறது. 2022இன் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு, பாதுகாப்பை அப்புறம் பார்க்கலாம் என்று தள்ளிப்போட முடியாது. பாதுகாப்புத் தேவைகளைத் திரட்ட மூன்று வழிகளைச் செய்து பார்த்தோம்.

எக்செல்தான் மலிவு. மென்பொருள் பாதுகாப்புக்காக இயங்கும் ஓவாஸ்ப் அமைப்பின் ஏஎஸ்விஎஸ் என்ற பாதுகாப்புத் தேவைப் பட்டியலை இறக்கி, பொருந்தாததை வெட்டினால் ஒரே நாளில் முடிந்துவிடும். ஆனால் ஒரு வரி எந்தத் தரவைக் காக்க வந்தது என்று அந்தத் தாளில் தெரியாது.

வெண்பலகையில் செய்து பார்த்தது ஸ்ட்ரைட், அதாவது அச்சுறுத்தல்களை வகை வகையாகத் தேடும் முறை. அது 1999இல் மைக்ரோசொப்டில் பிறந்தது. ஆள்மாறாட்டம், தரவைத் திருத்தல், செய்ததை மறுத்தல், தகவல் கசிவு, சேவை முடக்கம், அதிகார மீறல் என்று ஆறு கோணம். வெண்பலகையில் 'செய்ததை மறுத்தல்' என்று எழுதிய பிறகுதான், வரவேற்பு மேசையில் எல்லாரும் ஒரே கடவுச்சொல்லைப் பாவிப்பது உறைத்தது. எக்செலில் அந்த வரிக்கு ஏற்கெனவே சரி போட்டிருந்தோம்! குறை ஒன்றுதான்: பலகையை அழித்தால் எல்லாம் போச்சு.

ஒன்டொலொஜி என்றால் சொத்து, அச்சுறுத்தல், பலவீனம், எதிர்நடவடிக்கை ஆகியவற்றையும் அவற்றுக்கிடையிலான உறவுகளையும் கணினிக்குப் புரியும்படி எழுதி வைப்பது. அதற்கான ஆவுல் (OWL) மொழி 2004இல், இணையத் தரநிலைகளை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் தரநிலையானது. அதை எழுத உதவும் மென்பொருளான ஸ்டான்போர்டின் புரோட்டெஜே இலவசம். தனிப்பட்ட தரவு உள்ள எந்தச் சேமிப்புக்கும் மறைகுறியாக்கம் (சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றுதல்) வேண்டும் என்று ஒரு விதி எழுதினோம். கடவுச்சீட்டுப் படம் காப்புப்பிரதி வட்டிலும் இருக்கிறது என்று மட்டும் சேர்த்தோம். அந்த வட்டுக்கும் மறைகுறியாக்கம் தேவை என்பதை, விதிகளிலிருந்து முடிவுகளை வருவிக்கும் நிரலான ரீசனர் தானாகவே எடுத்துச் சொன்னது. உண்மையில் அதை நாங்கள் மூவருமே மறந்திருந்தோம்.

சரி, எந்த அச்சுறுத்தலுக்கு இன்னும் தேவை எழுதப்படவில்லை என்று கேட்டால்? ரீசனர் மௌனம். சொல்லாததை இல்லாததாக ஆவுல் எடுத்துக்கொள்ளாது. எங்கேயோ இருக்கலாம் என்றே நினைக்கும். விடுபட்டதைப் பிடிக்க, எழுதி வைத்த தரவிடம் கேள்வி கேட்கும் ஸ்பார்க்கிள் (SPARQL) வினவலோ, தரவு விதிப்படி இருக்கிறதா என்று சரிபார்க்கும், 2017இல் தரநிலையான ஷாக்கிளோ (SHACL) வேண்டும். இது தெரியாமல் எங்களுக்கு இரண்டு நாள் வீண்.

சொற்சண்டை வேறு. பொதுக் கடவுச்சொல் அச்சுறுத்தலா, பலவீனமா? அரை நாள் வாதாடினோம். அது பலவீனம், பதிவை மாற்றிவிட்டு நானில்லை என்று ஊழியர் மறுப்பதே அச்சுறுத்தல். அது தெளிந்த பிறகு எழுதிய தேவைகள் கூர்மையாக வந்தன என்பதால், அந்த அரை நாளை நட்டக் கணக்கில் எழுத மாட்டேன்.

ஒரே ஒரு மென்பொருள் என்றால் என் வாக்கு வெண்பலகைக்கே. முடித்ததும் படம் எடுத்து எக்செலில் ஏற்றிவிடுங்கள். ஒன்டொலொஜிக்குப் போட்ட உழைப்பு, அதே அறிவு இரண்டாம் முறை தேவைப்படும்போதுதான் திரும்பி வரும். எங்களுக்கு அது வந்துவிட்டது: அடுத்த வேலை புறாத்தீவுப் படகுகளுக்கான முன்பதிவு. அதற்கு அறைகள் பற்றிய பகுதியைக் கழற்றிவிட்டு, தனிப்பட்ட தரவு பற்றிய விதிகளை அப்படியே எடுத்து வைத்திருக்கிறோம்.