ஊற்றுக் குளம் பார்க்க ஒஷினோவா, ஹரியேயா?

ஜப்பானில் ஊற்று நீருக்குப் பேர்போன பழைய கிராமம் எது என்று கேட்டால், பெரும்பாலும் ஒஷினோ ஹக்காய்க்குத்தான் வழி காட்டுவார்கள். யமானாஷி மாகாணத்தில், ஃபூஜி மலையடிவாரத்தில் எட்டுக் குளங்கள். மலையில் உருகும் பனி எரிமலைப் பாறை அடுக்குகளுக்குள் பல ஆண்டுகள் ஊறி இறங்கி, இங்கே வந்து கொப்பளிக்கிறது. 2013-இல் ஃபூஜி உலகப் பாரம்பரியச் சின்னமானபோது இந்தக் குளங்களும் அதில் சேர்ந்தன.

தண்ணீரில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அடியில் ஆடும் பாசி இழை இழையாகத் தெரியும். ஆனால் எல்லோருடைய படங்களிலும் ஆழ நீலமாக வருமே, அந்த நாகாஇகே எட்டில் ஒன்றே இல்லை, மனிதர் வெட்டியது! கடைகளும் கூட்டமும் அதைச் சுற்றித்தான். எட்டில் ஒன்றான சோகோநாஷி குளத்துக்கோ டிக்கெட் எடுத்துத்தான் உள்ளே போக வேண்டும். தேகுச்சி குளம் மற்ற ஏழையும் விட்டு விலகி இருக்கிறது. கொஞ்சம் நடந்தால் நிம்மதியாக நின்று பார்க்கலாம்.

ஹரியே வேறு ரகம். ஷிகா மாகாணத்தில் பிவா ஏரிக்கரையை ஒட்டிய ஊர். ஊற்று வீட்டுக்குள்ளேயே வருகிறது. அந்தத் தண்ணீர்த் தொட்டி அமைப்புக்குக் 'கபாத்தா' என்று பெயர். குழாயில் பொங்கும் நீர் முதலில் ஒரு தொட்டியில் நிறைகிறது. குடிக்க, சமைக்க அதுதான். வெள்ளரி, தக்காளி அதிலேயே குளிர்ந்து கிடக்கும். வழியும் நீர் அடுத்த தொட்டிக்குப் போகிறது. அங்கே சோறு ஒட்டிய பானையை அமிழ்த்தி வைத்தால் கெண்டை மீன்கள் பருக்கைகளைக் கொத்தித் தின்றுவிடும். மிச்ச நீர் கால்வாய் வழியாக ஏரிக்கு. கால்வாயில் அடுத்து வரும் வீட்டுக்காரரும் அதே நீரைப் புழங்குவதால் யாரும் அழுக்கை விடுவதில்லை.

ஒஷினோவில் ஊற்று வேடிக்கை பார்க்க, ஹரியேயில் புழங்க. என் ஓட்டு ஹரியேக்கு.

சரி, டோக்கியோவிலிருந்து ஒரே நாள், ஃபூஜியும் படத்தில் விழ வேண்டும் என்றால் ஒஷினோதான். குளிர்காலக் காலையில் போங்கள். கோடையில் மலை பெரும்பாலும் மேகத்துக்குள் இருக்கும். கியோட்டோ பக்கம் இருப்பவர்கள் கோசெய் பாதை ரயிலில் ஷின்-அசாஹி நிலையத்தில் இறங்கினால் ஹரியேக்கு நடந்தே போய்விடலாம். ஆனால் உள்ளூர் வழிகாட்டிக்கு முன்பே சொல்லி வையுங்கள். கபாத்தா இருப்பது அடுத்தவர் வீட்டில், நாமாக நுழைய முடியாது.