கிணற்றில் நஞ்சு: அச்சத்தின் வரலாறு குறித்த ஓர் ஒலிப்பாடத் தொடருக்கு மதிப்புரை

அச்சமும் மனித இயல்பும் சமூகத்தின் நடத்தையைக் காலந்தோறும் எவ்வாறு உருவாக்கி வந்துள்ளன என்பதை விளக்கும் ஒலிப்பாடத் தொடர் ஒன்றைக் கடந்த ஒரு மாதத்தில் முழுவதுமாகக் கேட்டு முடித்தேன். சந்தா செலுத்திக் கைப்பேசியில் கேட்கும் தொடர் அது. 12 பகுதிகள், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 40 நிமிடங்கள். நான் குறிப்பிடப்போகும் குறைகள் இத்தகைய பாடங்கள் பலவற்றுக்கும் பொதுவானவை என்பதால் தொடரின் பெயரையோ விரிவுரையாளரின் பெயரையோ இங்கே தரவில்லை. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மூன்றாம் பகுதியிலிருந்து எட்டாம் பகுதி வரை கேட்பதற்கு மிகவும் தகுதியானவை, முதல் இரண்டைத் தவிர்த்துவிடலாம், கடைசி நான்கில் சரக்கும் உண்டு, சறுக்கலும் உண்டு.

முதல் இரண்டு பகுதிகளும் மூளையைப் பற்றியவை. அமிக்டலா என்னும் சிறு பகுதியே அச்சத்தின் இருப்பிடம் என்றும், காட்டில் வாழ்ந்த முன்னோரிடமிருந்து நாம் பெற்ற அந்த உறுப்பே இன்றைய கூட்ட வெறிக்கும் வதந்திக்கும் காரணம் என்றும் விரிவுரையாளர் அடித்துச் சொல்கிறார். உண்மை இவ்வளவு எளியதன்று. அரிய நோயொன்றால் இருபுற அமிக்டலாவும் சிதைந்துபோன ஒரு பெண்மணியை ஆய்வாளர்கள் நெடுங்காலம் ஆராய்ந்திருக்கிறார்கள். பாம்பைக் கண்டும் அஞ்சாத அவர், 35 விழுக்காடு கரியமில வாயு கலந்த காற்றைச் சுவாசித்த மாத்திரத்தில் பீதியில் துடித்தார் என்பது 2013ஆம் ஆண்டு வெளியான ஆய்வு. இதைப் பற்றித் தொடரில் ஒரு சொல்லும் இல்லை. வரலாற்றைக் கேட்க வந்தவருக்கு உடற்கூறு இரண்டு பகுதிகள் அளவுக்குத் தேவையுமில்லை.

மூன்றாம் பகுதியில் 1347ஆம் ஆண்டு ஐரோப்பாவுக்குள் கொள்ளைநோய் நுழையும்போதுதான் தொடருக்கு உயிர் வருகிறது. நான்கே ஆண்டுகளில் அக்கண்டத்து மக்களில் மூன்றில் ஒரு பங்கையேனும் வாரிக்கொண்டுபோன அந்நோயைப் பலரும் இறப்புக் கணக்காகவே சொல்வார்கள். இவர் ஸ்ட்ராஸ்பூர்க் என்ற ஒரே நகரத்தை எடுத்துக்கொண்டு நாள்வாரியாகச் சொல்கிறார். 1348ஆம் ஆண்டின் செப்டம்பரில் ஜெனீவா ஏரிக்கரையிலுள்ள ஷியோன் (Chillon) கோட்டையில் யூதர்கள் சிலர் சித்திரவதை செய்யப்பட்டு, கிணறுகளில் நஞ்சு கலந்ததாக வாக்குமூலம் தருகிறார்கள். அந்த வாக்குமூலங்கள் படியெடுக்கப்பட்டு ஸ்ட்ராஸ்பூர்க் நகர அவைக்கு அனுப்பப்படுகின்றன. அவையோ அதை நம்ப மறுத்துத் தன் நகரத்து யூதர்களைக் காக்க முயல்கிறது. 1349ஆம் ஆண்டு பிப்ரவரியில் தொழிற்குழுக்கள் திரண்டு அந்த அவையையே கலைத்துப் புதிய அவையை அமர்த்துகின்றன. சில நாட்களில், பிப்ரவரி 14 அன்று, யூதர்கள் அவர்களுடைய இடுகாட்டிலேயே எரிக்கப்படுகிறார்கள். அவர்களிடம் நகரத்தார் பட்டிருந்த கடன்கள் நீங்கின; அடகுப் பொருள்கள் உரியவர்களிடம் திரும்பின; ரொக்கம் பங்கிடப்பட்டது. இவை அனைத்தும் நடந்து முடிந்தபோது கொள்ளைநோய் அந்நகரை இன்னும் எட்டவே இல்லை.

இந்தக் கடைசிச் செய்தியை விரிவுரையாளர் நிறுத்தி, நிதானமாகச் சொல்கிறார். நோய்க்கு முன்னால் நோயைப் பற்றிய கடிதம் வந்தது. கடிதத்துக்கு முன்னால் கடன் இருந்தது. யூதர்களும் இதே நோயால் சாகிறார்கள் என்று சுட்டிக்காட்டிப் போப்பாண்டவர் ஆறாம் கிளமென்ட் 1348ஆம் ஆண்டிலேயே ஆணை பிறப்பித்திருந்தார் என்பதையும் அவர் சேர்த்துச் சொல்வதால், அக்காலத்தவர்க்கு உண்மை தெரிய வழியே இல்லை என்ற சமாதானத்துக்கும் இடமில்லாமல் போகிறது.

ஏழாம் பகுதி இதற்கு இணையாக 1923ஆம் ஆண்டு ஜப்பானுக்குச் செல்கிறது. செப்டம்பர் 1, நண்பகலுக்கு இரண்டு நிமிடம் முன்பு காண்டோ சமவெளி நடுங்கியது. டோக்கியோவும் யோகோஹாமாவும் எரிந்தன. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அன்றே கொரியர்கள் தீ வைக்கிறார்கள், கிணறுகளில் நஞ்சு கலக்கிறார்கள் என்ற பேச்சு கிளம்பியது. 574 ஆண்டுகள் கழித்து, வேறொரு கண்டத்தில், அதே கிணறு, அதே நஞ்சு. தெருத்தோறும் காவல் குழுக்கள் தோன்றி, கொரியர்களைக் கண்டுபிடிக்க வழிப்போக்கர்களை மறித்து, ‘பதினைந்து யென் ஐம்பது சென்’ என்பதற்கான ஜப்பானியச் சொற்களைச் சொல்லவைத்தன. சொல்லின் முதலெழுத்து பிசகினால் உயிர் போயிற்று. சீனர்கள் கொல்லப்பட்டார்கள், வட்டார வழக்கு பேசிய ஜப்பானியர்களே கொல்லப்பட்டார்கள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். இங்கே பேயைக் காதால் அடையாளம் கண்டார்கள்.

இந்த இரு பகுதிகளையும் அடுத்தடுத்துக் கேட்டால் விரிவுரையாளரோடு நான் மாறுபடும் இடம் தெளிவாகும். இரண்டும் ஒன்றுபோல் இருப்பதற்கு மாறாத மனித இயல்பே காரணம் என்று அவர் முடிக்கிறார். ஆனால் அவர் தரும் தகவல்களே வேறு கதை சொல்கின்றன. டோக்கியோவில் வதந்தியைப் பரப்பியவர்கள் தெருவில் நின்றவர்கள் மட்டுமல்லர். கொரியர்கள் தீ வைப்பதாக உள்துறை அமைச்சகத்தின் தந்தியே மாகாணங்களுக்குப் போனது. ஸ்ட்ராஸ்பூர்க்கில் பழைய அவை நீடித்தவரை மக்களின் அச்சம் கொலையாக மாறவில்லை. மழை எல்லா இடத்திலும் பெய்கிறது. வாய்க்கால் எங்கே வெட்டப்பட்டிருக்கிறதோ அங்கேதான் நீர் ஓடுகிறது. அஞ்சுவது இயல்பு என்பதை யாரும் மறுக்கப்போவதில்லை. அஞ்சியவர் காதில் முதலில் யார் பேசினார், அந்தப் பேச்சால் யாருக்கு ஆதாயம் என்ற இரண்டு கேள்விகளையும் ‘இயல்பு’ என்ற சொல் விழுங்கிவிடுகிறது என்பதே என் குறை.

ஐந்தாம் பகுதியான அமெரிக்காவின் சேலம் சூனிய வழக்குகளில் அவரே இந்தக் குறையை அறியாமல் சரிசெய்கிறார் என்பது வியப்பு. 1692ஆம் ஆண்டு மாசசூசெட்ஸில் 19 பேர் தூக்கிலிடப்பட்டதும், வழக்காட மறுத்த முதியவர் ஒருவர் மார்பில் கல்லேற்றிக் கொல்லப்பட்டதும் பலரும் அறிந்தவை. அவர் இந்தக் கதையைச் சிறுமிகளின் வலிப்பிலிருந்து தொடங்காமல் நீதிமன்றத்தின் விதிகளிலிருந்து தொடங்குகிறார். குற்றம் சாட்டப்பட்டவரின் ஆவி தன்னைத் துன்புறுத்தியதாக ஒருவர் சொன்னால் அது சான்றாக ஏற்கப்பட்டது. ஆவி போன இடத்தில் தான் இல்லை என்று எவராலும் மெய்ப்பிக்க இயலாது. அதைவிடக் கொடியது இன்னொன்று: சூனியம் செய்தேன் என்று ஒப்புக்கொண்டு அதில் உறுதியாக நின்றவர் பிழைத்தார், மறுத்தவர் தூக்கிலேறினார். சாமுவேல் வார்ட்வெல் என்ற தச்சர் முதலில் ஒப்புக்கொண்டு, மனம் பொறுக்காமல் அதைத் திரும்பப் பெற்றதும் தூக்கிலிடப்பட்டார். ஒப்புக்கொண்டவர் தன்னோடு இருந்தவர்களின் பெயரையும் சொல்ல வேண்டும் என்பதால், ஒவ்வொரு வாக்குமூலமும் புதிய கைதுகளுக்கு வழிவிட்டது.

எல்லைப்புறத்தில் நடந்த போரிலிருந்து தப்பி வந்தவர்களின் கிலி அச்சமூகத்தில் முன்பே குடிகொண்டிருந்தது. அது 1693ஆம் ஆண்டிலும் தணிந்துவிடவில்லை. ஆயினும் ஆளுநர் பிப்ஸ் பழைய நீதிமன்றத்தைக் கலைத்து, ஆவிச் சான்றை ஏற்காத புதிய நீதிமன்றத்தை அமர்த்தியதும் ஏறக்குறைய அனைவரும் விடுதலையானார்கள். மனித இயல்பு மூன்று மாதத்தில் மாறியிருக்க முடியாது. மாறியது சான்று விதி. ஆளுநருடைய மனைவியின் பெயரும் குற்றச்சாட்டில் அடிபடத் தொடங்கியிருந்தது என்பதை விரிவுரையாளர் அடக்கமான குரலில் சேர்க்கிறார். அந்த இடத்தில் சிரிக்காமல் இருக்க முடியவில்லை.

ஆறாம் பகுதி 1789ஆம் ஆண்டு பிரான்சின் ‘பேரச்சம்’ பற்றியது. பிரபுக்களின் கூலிப்படை விளையும் பயிரை வெட்ட வருகிறது என்ற வதந்தியால் ஜூலை மாத இறுதியில் ஊர் ஊராக மணி அடித்து மக்கள் ஆயுதம் ஏந்தினார்கள். ஓர் ஊரார் திரண்டு வருவதைக் கண்ட அடுத்த ஊரார் அவர்களையே கொள்ளையர் என்று எண்ணினார்கள். ஷம்பாஞ் வட்டாரத்தில் ஏறத்தாழ மூவாயிரம் பேர் கூடித் துரத்தப்போன கொள்ளையர் கூட்டம் ஒரு மாட்டு மந்தையாக முடிந்தது. ஆனால் அஞ்சிய இந்தக் குடியானவர்கள் அயலாரைக் கொன்று தீர்க்கவில்லை. பல இடங்களில் பிரபுக்களின் மாளிகைக்குச் சென்று, நிலவரிப் பதிவேடுகளை எரித்தார்கள். அதன் விளைவாக ஆகஸ்ட் 4 இரவு தேசிய மன்றம் நிலப்பிரபுத்துவ உரிமைகளை ஒழிக்க முன்வந்தது. அச்சம் எப்போதும் எளியவர்மீதே பாயும் என்ற பொது எண்ணத்தை இந்த ஒரு பகுதி அசைத்துவிடுகிறது.

எட்டாம் பகுதி 1942ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஏறத்தாழ 1,20,000 ஜப்பானிய வம்சாவளியினர் முகாம்களில் அடைக்கப்பட்டதைப் பேசுகிறது. ஜப்பான் குண்டு வீசிய ஹவாயில் மக்கள்தொகையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் ஜப்பானிய வம்சாவளியினர் இருந்தும் அங்கே அவர்களை மொத்தமாகத் திரட்டி அடைக்கவில்லை. அவர்கள் இல்லாமல் தீவின் பொருளாதாரம் நடக்காது. அத்தகைய தாக்குதல் நேராத மேற்குக் கரையில் அடைத்தார்கள். அங்கே அவர்களோடு போட்டியிட்ட விவசாயிகள் அதைக் கோரினார்கள். இந்த ஒப்பீட்டை இவ்வளவு தெளிவாக வேறெங்கும் நான் கேட்டதில்லை.

ஒன்பதாம் பகுதியில் தொடர் சறுக்குகிறது. 1938ஆம் ஆண்டு செவ்வாய்க் கிரகவாசிகள் படையெடுப்பதாக ஒலிபரப்பான வானொலி நாடகத்தைக் கேட்டு அமெரிக்கா முழுவதும் மக்கள் தெருவுக்கு ஓடினார்கள் என்ற கதையை அவர் அப்படியே திருப்பிச் சொல்கிறார். அந்தப் பீதியைச் செய்தித்தாள்கள் ஊதிப் பெருக்கின என்பது இன்று வரலாற்றாய்வாளர்கள் பலரும் ஏற்கும் செய்தி. கூட்டம் என்றாலே வெறி பிடிக்கும் என்ற தம் கருத்துக்குப் பொருந்திய இடத்தில் அவர் சான்றைச் சோதிக்கவில்லை. இரண்டாம் உலகப் போருக்கு முன் பிரிட்டிஷ் அரசும் இப்படித்தான் நினைத்தது. குண்டு விழுந்தால் இலண்டன் மக்கள் மனம் பேதலிப்பார்கள் என்று எதிர்பார்த்து மனநல மருத்துவமனைகளை ஆயத்தம் செய்தது. 1940 செப்டம்பர் முதல் 1941 மே வரை பிரிட்டன் முழுவதும் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட குடிமக்கள் குண்டுவீச்சில் மாண்டும் அந்தப் பெரும் பீதி வரவில்லை. தொடரில் இது இடம்பெறவே இல்லை.

அச்சம் பயன்தரும் ஏற்பாடுகளை உருவாக்கிய வரலாறும் அரை வாக்கியத்தில் முடிந்துவிடுகிறது. ரகூசா நகரம் (இன்றைய குரோஷியாவின் டுப்ரோவ்னிக்) 1377ஆம் ஆண்டில் நோய் பரவிய இடங்களிலிருந்து வருவோரை 30 நாள் ஒதுக்கிவைத்தது. வெனிஸ் 1423ஆம் ஆண்டில் தீவொன்றில் நோயாளிகளுக்கு நிலையான மருத்துவமனை அமைத்தது. அதே கொள்ளைநோய், அதே அச்சம். ஆனால் இங்கே குற்றவாளியைத் தேடாமல் கப்பலை நிறுத்தினார்கள். இதற்கு ஒரு முழுப் பகுதியைத் தந்திருக்கலாம். பத்தாம் பகுதியில் வரும் ஓர் ஆய்வு மட்டும் நினைவில் நிற்கிறது: 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பின் விமானத்துக்கு அஞ்சிச் சாலைவழிப் பயணத்தை நாடியவர்களால், அடுத்த ஓராண்டில் ஏறத்தாழ 1,500 பேர் கூடுதலாகச் சாலை விபத்துகளில் இறந்தார்கள் என்பது உளவியலாளர் கெர்ட் கிகெரென்சரின் மதிப்பீடு. கடைசி இரண்டு பகுதிகள் சமூக ஊடகத்தைப் பற்றியவை. அவற்றில் புதிதாக எதுவுமில்லை.

சேவையைப் பற்றியும் சில சொற்கள். குரல் தெளிவு, உச்சரிப்பு நிதானம், ஒவ்வொரு பகுதிக்கும் எழுத்துவடிவம் உண்டு, அதில் பிழைகள் மிகக் குறைவு. ஆனால் கொலை நெருங்கும்போதெல்லாம் முரசு போன்ற பின்னணி இசை எழுகிறது. கேட்பவரை அச்சுறுத்தி அச்சத்தைப் பற்றிக் கற்பிப்பதை நான் விரும்பவில்லை. பகுதி முடிவில் வரும் வினாக்கள் பள்ளித் தேர்வை நினைவூட்டுகின்றன. ஒரு நாள் கேட்காவிட்டால் ‘உங்கள் தொடர்ச்சி அறுபடப்போகிறது’ என்ற எச்சரிக்கை வேறு கைப்பேசியில் வந்து விழுகிறது. முதல் வாரத்திலேயே அதை அணைத்துவைத்தேன். பகுதிகளை வரிசை மாற்றிக் கேட்க வசதி இருப்பதால், முதலில் 3, 7, 5, 6, 8 என்ற வரிசையில் கேட்பதை நான் பரிந்துரைப்பேன்.

ஏழாம் பகுதியின் இறுதியில் இரண்டே நிமிடம் வரும் ஒரு செய்தி உண்டு. யோகோஹாமாவை அடுத்த சுருமியில் காவல் நிலையத் தலைவராக இருந்த ஓகாவா சுனேகிச்சி, முந்நூறு பேரளவில் கொரியர்களையும் சீனர்களையும் நிலையத்துக்குள் வைத்துக் காத்தார். நஞ்சு கலந்த நீர் என்று கூட்டத்தார் காட்டியதை வாங்கி அவர்கள் எதிரிலேயே குடித்தார் என்று பதிவாகியிருக்கிறது. டோக்கியோவில் இருந்ததும் அதே அச்சம்தான்; அங்கே அமைச்சகம் தந்தி அடித்தது, இங்கே ஓர் அதிகாரி தண்ணீர் குடித்தார். விரிவுரையாளர் இதை ஒரு விதிவிலக்கு என்று சொல்லி அடுத்த செய்திக்கு நகர்ந்துவிடுகிறார். நான் அந்த இடத்தில் நிறுத்தி, இரண்டு நிமிடம் பின்னால் நகர்த்தி, மறுபடியும் கேட்டேன்.